பொறந்த குழந்தை உடம்புல ரத்தப்புள்ளி: வார்டு நர்சிங்குக்கு 4 ஸ்டார், டிஸ்சார்ஜுக்கு 1

முதல்லயே மார்க் போட்டுடறேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பிரசவ வார்டு நர்சிங்குக்கு 5க்கு 4. ராத்திரி ஷிஃப்டுக்கு 3. டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்புன விதத்துக்கு 1, அந்த ஒண்ணும் கூட ஒரு சிஸ்டர் தானா முன்வந்து செஞ்ச வேலைக்காகத்தான். ஆஸ்பத்திரி பேரு போடல, கேட்டாலும் சொல்லமாட்டேன், ஏன்னா நான் எழுதறது அந்த கட்டடத்த பத்தி இல்ல, இந்த ஒரு பிரச்சனைக்கு நர்சிங் கேர்னா என்னென்ன இருக்கணும், எங்களுக்கு அதுல எவ்வளவு கெடச்சுது, அவ்ளோதான்.

விஷயம் இதுதான். என் தங்கச்சிக்கு பையன் பொறந்தான், கூட இருந்தது நான். கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு, கடைசி கட்டத்துல வேற படபடன்னு வேகமா வெளிய வந்துட்டான். முகம், நெத்தி, கழுத்து, நெஞ்சோட மேல்பாகம் பூரா சின்னச்சின்னதா சிவப்பும் ஊதாவுமா புள்ளி, யாரோ சிவப்பு பேனா முனையால குத்திக்கிட்டே போன மாதிரி. முகம் கொஞ்சம் நீலம் பாரிச்சு வேற இருந்துச்சு. இதத்தான் டாக்டருங்க பெட்டீக்கியேனு சொல்றாங்க, தோலுக்கு அடியில இருக்கற ரொம்ப நுண்ணிய ரத்தக்குழாய் உடைஞ்சு அங்கயே ஒரு சொட்டு ரத்தம் கசிஞ்சு நிக்கறது. புள்ளி 2 மில்லிமீட்டருக்கு உள்ள இருந்தா இந்த பேரு, அதவிட பெருசா இருந்தா பர்புரா, 1 சென்டிமீட்டர தாண்டிட்டா நாம எல்லாரும் சொல்ற ரத்தக்கட்டு.

நல்ல செய்தி என்னன்னா, பொறக்கும்போது அமுங்குனதால வர்ற புள்ளிக்கு வைத்தியமே கெடையாது, தானா மங்கிடும். கெட்ட செய்தி என்னன்னா, அதே மாதிரி புள்ளி ரத்தத்துல கிருமி பரவறதாலயும் வரும், பிளேட்லெட் (ரத்தக்கசிவ அடைக்கற நுண்ணிய ரத்த அணு) கொறஞ்சாலும் வரும், கர்ப்பத்துலயே சைட்டோமெகலோ வைரஸ், ருபெல்லா மாதிரி தொற்று இருந்தாலும் வரும். ஒரு புள்ளிய மட்டும் உத்துப்பாத்து அது எந்த வகைனு யாராலயும் சொல்ல முடியாது. எங்க இருக்கு, கூடுதா கொறையுதா, குழந்தை பால் குடிக்குதா, சுறுசுறுப்பா இருக்கா, இதெல்லாம் சேத்து பாத்தாதான் தெரியும். அப்படி திரும்பத்திரும்ப பாக்கறது யாரோட வேலை? டாக்டர் ஒரு நாளைக்கு கொஞ்ச நேரம் வந்துட்டு போறாரு, மத்த நேரம் முழுக்க நர்ஸ்தான். அதனாலதான் இந்த பிரச்சனைல நர்சிங் நல்லா இருந்தா பாதி பயம் போயிடும்னு சொல்றேன்.

முதல் அரைமணி நேரத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் அவங்க முழு மார்க் வாங்குனாங்க. குழந்தைய துவட்டும்போதே லேபர் ரூம் சிஸ்டர் அந்த நீல முகத்த கவனிச்சுட்டாங்க. பதறல. வாயத் தெறந்து நாக்கு, ஈறு, உதட்டோட உள்பக்கம் பாத்தாங்க, எல்லாம் நல்ல ரோஸ் கலர்ல இருந்துச்சு. ஒடனே வலது கையில ஆக்சிஜன் பாக்கற அந்த சென்சார மாட்டுனாங்க. அப்புறமா கேட்டதுக்குதான் சொன்னாங்க, கொடி சுத்துன குழந்தைக்கு தலைல இருந்து ரத்தம் கீழ எறங்க முடியாம முகத்துல தேங்கிப்போய் நீலமாத் தெரியுமாம், ஆனா உடம்புல ஆக்சிஜன் கொறஞ்சிருந்தா நாக்கும் சேந்து நீலமாகும், அதான் நாக்க பாத்தேன்னாங்க. மூஞ்சிய மட்டும் பாத்துட்டு குழந்தைய தூக்கிட்டு இன்டென்சிவ் கேருக்கு ஓடியிருந்தா என் தங்கச்சி அந்த டேபிள்லயே அழுது மயங்கியிருப்பா. இவங்க குழந்தைய அவ நெஞ்சுமேலயே போட்டு மேல போர்வைய போத்தி, சென்சார் கையிலயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. புள்ளி இருக்குன்னு தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல, மூச்சும் சூடும் சரியா இருந்தா போதும். இது தெரிஞ்ச வார்டு கெடைக்கறதே அதிர்ஷ்டம்தான்.

வைட்டமின் கே ஊசி தொடைல போட்டாங்க, 1 மில்லிகிராம். போட்டுட்டு அப்படியே விடாம பஞ்ச வெச்சு நிதானமா அழுத்தி புடிச்சிருந்தாங்க, தேய்க்கல. நான் அப்ப "அப்ப இந்த புள்ளிக்குதானே சிஸ்டர் இந்த ஊசி"ன்னு கேட்டேன். இல்லீங்க மேடம், இது எல்லா குழந்தைக்கும் போடறது, தாய்ப்பால்ல வைட்டமின் கே ரொம்ப கம்மி, ஊசி போடாத குழந்தைக்கு முதல் வாரத்துலயும் ரத்தக்கசிவு வரலாம், சில சமயம் 6 மாசம் வரைக்கும் கூட மூளைக்குள்ள கசிவு வர்ற ஆபத்து இருக்கு, ஆனா உங்க பையன் புள்ளிக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லன்னாங்க. ரத்தம் நிக்கறதுக்கு ரெண்டு தனித்தனி ஏற்பாடு இருக்கு, முதல்ல பிளேட்லெட் ஓடிவந்து ஓட்டைய அடைக்கும், அப்புறம் உறைய வைக்கற சத்துங்க வந்து அத கெட்டிப்படுத்தும், வைட்டமின் கே ரெண்டாவதுக்குதான் வேணும், ஊசிமுனை மாதிரி புள்ளி வர்றது பெரும்பாலும் முதல் விஷயத்துல கோளாறு இருந்தா. இத நின்னு நிதானமா விளக்குனதுக்கே ஒரு ஸ்டார் தரலாம்.

வார்டுக்கு வந்ததும் சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க ஒரு கண்ணாடி ஸ்லைட எடுத்துட்டு வந்து குழந்தை தோல்மேல அங்கங்க மெதுவா அமுக்கி காமிச்சாங்க. கண்ணுரெப்பை மேலயும் பிடரிலயும் இருந்த செவப்புத் திட்டு அமுக்குனதும் வெளுத்து மறைஞ்சுடுச்சு, எடுத்ததும் திரும்ப வந்துடுச்சு. புள்ளிங்க மட்டும் கண்ணாடிக்கு அடியிலயும் அப்படியே நின்னுச்சு. மறையறது ரத்தக்குழாய்க்குள்ள இருக்கற ரத்தம், மறையாதது வெளிய வந்துட்ட ரத்தம். ரெண்டாவது நாள் வாக்குல உடம்புல செவந்து நடுவுல மஞ்சளா சின்ன பரு மாதிரி வந்தா பயந்துடாதீங்க, அது நெறைய குழந்தைக்கு வந்து தானா போற தடிப்பு, அமுக்குனா செவப்பு மறையும்னு முன்கூட்டியே சொல்லி வெச்சாங்க. நெஜமாவே வந்துச்சு. சொல்லி வெக்கலன்னா நாங்க அத புதுப்புள்ளினு நெனச்சு வார்டையே ரெண்டாக்கியிருப்போம்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். அந்த சீனியர் சிஸ்டர் ஒரு பேப்பர்ல குழந்தை உருவம் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் வரைஞ்சு, எங்கெங்க புள்ளி இருக்கோ அங்கெல்லாம் குறிச்சு, டைம் போட்டு கையெழுத்து போட்டாங்க. அப்புறம் நெஞ்சுல புள்ளி எது வரைக்கும் எறங்கியிருக்கோ அந்த எல்லைல ஸ்கின் மார்க்கரால லேசா ஒரு கோடு. ஒவ்வொரு ஷிஃப்டும் வந்ததும் குழந்தைய வார்மருக்கு அடியில வெச்சு முழுசா துணிய எடுத்துட்டு தலைமுடிக்குள்ள, காதுக்கு பின்னாடி, அக்குள், முதுகு, டயாப்பர் உள்ள, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பாத்து அந்த பேப்பரோட ஒத்துப்பாக்கணும். கோட்ட தாண்டி கீழ ஒரே ஒரு புதுப்புள்ளி வந்தாலும் எனக்கு போன் பண்ணனும்னு ஜூனியர் பொண்ணுங்ககிட்ட சொன்னத நான் காதால கேட்டேன்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். யோசிச்சு பாருங்க, காலைல ஒருத்தங்க பாத்து "நெஞ்சுல கொஞ்சம் இருக்கு"ன்னு எழுதறாங்க, சாயங்காலம் வேற ஒருத்தங்க வந்து "நெஞ்சுல நெறைய இருக்கு"ன்னு எழுதறாங்க. கூடிடுச்சா, இல்ல ரெண்டு பேர் கண்ணு வேறயா? யாருக்கும் தெரியாது. கோடும் படமும் இருந்தா இந்த குழப்பமே இல்ல. தலை, கழுத்து பக்கம் அமுங்குனதால வந்த புள்ளி பொறக்கும்போது இருந்ததுதான், அதுக்கப்புறம் புதுசா வரக்கூடாது, இடுப்புக்கு கீழ காலுக்கு பரவக்கூடாது. அதனால "புதுசு இருக்கா இல்லையா"ங்கற ஒத்த கேள்விக்குதான் இந்த சேவைல விலைமதிப்பு எல்லாம். கொஞ்சம் கருப்பா இருக்கற குழந்தைக்கு தோல்ல பாத்தா தெரியறது கஷ்டம், அதான் உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள்ள மேல் அண்ணம், கண்ணோட வெள்ளை, இதெல்லாம் விடாம பாக்கறோம்னும் சொன்னாங்க. எங்காளு நெறம் கம்மிதான், அதனால இது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. வெள்ளத்தோல் குழந்தை போட்டோவ வெச்சு படிச்சுட்டு வந்து "புள்ளி ஒண்ணும் தெரியலயே"ன்னு போறவங்க இருக்காங்க.

கண்ணு வெள்ளைல ஒரு பக்கம் ரத்தம் கட்டி செக்கச்செவேல்னு வேற இருந்துச்சு. அதுவும் பிரசவ அழுத்தத்துலதான், பார்வைக்கு ஒண்ணும் ஆகாது, தோல் புள்ளிய விட லேட்டாதான் போகும், ரெண்டு வாரம் கூட ஆகலாம்னாங்க. சொன்ன மாதிரியே அதுதான் கடைசியா போச்சு.

குழந்தைய கையாண்ட விதத்த பத்தி தனியா சொல்லணும். காரணம் உறுதியா தெரியற வரைக்கும் "ரத்தம் கசியற குழந்தை"னு நெனச்சே தொட்டாங்க. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் விடல, அக்குள்லதான் டெம்பரேச்சர் எடுத்தாங்க, 36.5ல இருந்து 37.5க்குள்ள இருக்கணும்னு சார்ட்ல போட்டிருந்துச்சு. பிபி கஃப தேவையில்லாம சுத்தல. கால்ல மாட்டுன ஆக்சிஜன் சென்சார அடிக்கடி எடம் மாத்துனாங்க, ஒரே எடத்துல இறுக்கி கெடந்தா அங்கயே தடம் விழும். பிளாஸ்திரி ஒட்டறதே கம்மி, ஒட்டுனத உரிக்கும்போது தண்ணி தொட்டு மெதுவா உரிச்சாங்க. மூக்கு வாய உறிஞ்சி எடுக்கற ட்யூப தேவை இருந்தா மட்டும்தான் விட்டாங்க. குளிப்பாட்டவே இல்ல முதல் நாள், அது புள்ளிக்காக இல்ல, எல்லா குழந்தைக்கும் 24 மணி நேரம் தள்ளிப்போடறதுதான் இப்ப வழக்கம், ஆனா இவனுக்கு அது டபுள் லாபம். உடம்புல இருந்த வெள்ளை மாவு மாதிரி படலத்த தேய்ச்சு எடுக்காம அப்படியே விட்டாங்க.

ரத்தம் எடுக்கும்போது ஒரு சம்பவம். ஒரு ஜூனியர் சிஸ்டர் கையில ரப்பர் பேண்ட் கட்டி நரம்பு தேட கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கிட்டாங்க, எடுத்து முடிச்சு பாத்தா கட்டுன எடத்துக்கு கீழ புதுசா புள்ளி. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, கோட்ட தாண்டி வந்துடுச்சேன்னு. சீனியர் வந்து பாத்துட்டு, படத்துல அந்த கைய தனியா குறிச்சு "ரப்பர் கட்டுனதால" அப்படின்னு பக்கத்துல எழுதுனாங்க. அவ்ளோதான். இத எழுதாம விட்டிருந்தா அடுத்த ஷிஃப்ட் டாக்டர் "புதுப்புள்ளி வந்துடுச்சு"ன்னு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சிருப்பாரு, அல்லது நெஜமாவே புதுசா வந்தத "இதுவும் ரப்பர்தான்"னு ஒதுக்கியிருப்பாங்க. எழுதறது இவ்வளவு பெரிய வேலைனு எனக்கு அன்னிக்குதான் புரிஞ்சுது. அந்த ஜூனியர் பொண்ண திட்டவும் இல்ல, எப்படி கட்டாம கையால லேசா அமுக்கி புடிச்சு எடுக்கறதுன்னு பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தாங்க. குத்துன எடத்துல ரத்தம் நின்னுடுச்சானு அஞ்சு நிமிஷம் அழுத்தி புடிச்சு பாத்தாங்க, நிக்க லேட்டானா அதுவே ஒரு தகவலாம். குத்தும்போது குழந்தை அம்மா மார்ல பால் குடிச்சுட்டு இருந்தான், வலி கம்மியா தெரியும்னு அப்படி பண்ணாங்க, லேசா சிணுங்குனதோட சரி.

இனி கொறை. முதல் டெஸ்ட் குதிகால்ல குத்தி எடுத்த ரத்தம். ரிசல்ட் வந்ததும் ஒருத்தங்க வராண்டாலயே வெச்சு "பிளேட்லெட் 60 ஆயிரம்தான் இருக்கு, கம்மி"ன்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டாங்க. பெரியவங்களுக்கு மாதிரியே குழந்தைக்கும் 1.5 லட்சத்துக்கு மேல இருக்கணும், 50 ஆயிரத்துக்கு கீழ போனா ரொம்ப கம்மினு கணக்கு, இதெல்லாம் அப்ப போன்ல தேடிப்பாத்து தெரிஞ்சுக்கிட்டு நானும் என் தங்கச்சி வீட்டுக்காரரும் செவுத்த புடிச்சுட்டு நின்னோம். அப்படி ஒரு நம்பர வராண்டால வெச்சு சொல்லலாமா? என் தங்கச்சிகிட்ட நாங்க எப்படி போய் சொல்றது? இதுக்கு ஒரு ஸ்டார் கட், சந்தேகமே இல்ல.

சீனியர் சிஸ்டர்தான் லேபுக்கு போன் போட்டு கேட்டு, சாம்பிள்ல சின்ன கட்டி இருந்துச்சாம், குதிகால பிதுக்கி எடுக்கும்போது ரத்தம் பாட்டில்குள்ள போறதுக்குள்ளயே உறைய ஆரம்பிச்சுடும், பிளேட்லெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மெஷின் அத எண்ணாது, அதனால பொய்யா கம்மியா காட்டும், நரம்புல இருந்து மறுபடி எடுத்து பாத்துட்டுதான் எதையும் முடிவு பண்ணுவோம்னு உக்கார வெச்சு சொன்னாங்க. அந்த ரப்பர் சம்பவம் இந்த ரெண்டாவது தடவ எடுக்கும்போதுதான். ரெண்டாவது ரிசல்ட் ரெண்டு லட்சத்துக்கு மேல. ஸ்லைட்லயும் வெச்சு கண்ணால பாத்து உறுதி பண்ணாங்க. குதிகால் ரத்தத்துல பிளேட்லெட் கம்மினு யாராவது சொன்னா "நரம்புல எடுத்து மறுபடி பாத்தீங்களா"ன்னு கேளுங்க, தயங்காம கேளுங்க.

அந்த ரெண்டு ரிசல்ட்டுக்கும் நடுவுல இருந்த நேரத்துல என் தங்கச்சிகிட்ட ஒரு பெரிய கேள்விப்பட்டியலே கேட்டாங்க. உங்களுக்கு பிளேட்லெட் கம்மினு எப்பவாவது சொல்லியிருக்காங்களா, கர்ப்பத்துல காய்ச்சல் தடிப்பு வந்துச்சா, என்னென்ன மாத்திர சாப்ட்டீங்க, பனிக்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு பொறந்தான், வீட்ல யாருக்காவது ரத்தம் நிக்காத பிரச்சனை இருக்கா. இதுல ஒரு விஷயம் எனக்கு புதுசு: அம்மாவுக்கு பிளேட்லெட் நல்லா இருந்தும் குழந்தைக்கு மட்டும் பாதாளத்துக்கு போகலாம். அப்பா பக்கத்துல இருந்து வந்த பிளேட்லெட் வகைய அம்மா உடம்பு அந்நியமா நெனச்சு எதிர்ப்பு உண்டாக்குமாம், அது முதல் குழந்தைக்கே வரலாமாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு மூளைல கசிவு இருக்கானு தலைக்கு அல்ட்ராசவுண்ட் பாப்பாங்க, பொருந்தற பிளேட்லெட் ஏத்துவாங்க. அம்மாவுக்கே ஐடிபினு சொல்ற பிளேட்லெட் பிரச்சனை இருந்தா குழந்தைக்கு ரெண்டாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாள் வாக்குலதான் எண்ணிக்கை ரொம்ப கீழ எறங்கும், அதனால முதல் நாள் டெஸ்ட் நல்லா வந்துடுச்சுன்னு கெளம்பிடக்கூடாது.

"கம்மியா இருந்தா ஒடனே ஏத்திடுவீங்களா"ன்னு கேட்டேன். நம்பர மட்டும் பாத்து ஏத்தமாட்டோம்னாங்க. அப்புறம் படிச்சப்ப தெரிஞ்சுது, 2019ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல கொறமாச குழந்தைங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 50 ஆயிரத்துக்கு கீழ போனதுமே ஏத்தியிருக்காங்க, இன்னொண்ணுக்கு 25 ஆயிரத்துக்கு கீழ போனாத்தான். சீக்கிரமா ஏத்துன குரூப்லதான் சாவும் பெரிய ரத்தக்கசிவும் அதிகமாம். நெறைய குடுத்தா நல்லதுனு நாம நெனக்கறதுக்கு நேர் எதிரா வந்திருக்கு. எங்க பையன் நெறமாசம், அவனுக்கு இது பொருந்தாது, இருந்தாலும் "ஏன் இன்னும் ஒண்ணும் ஏத்தல"ன்னு நர்ஸ்கிட்ட சண்டை போடறவங்களுக்காக சொல்லி வெக்கறேன்.

மஞ்சகாமாலை விஷயத்துலயும் உஷாரா இருந்தாங்க. தோலுக்கு அடியில தேங்குன ரத்தம் சும்மா காணாமப் போகாது, உடைஞ்சு பிலிருபின்ங்கற மஞ்சள் நெறப் பொருளாத்தான் மாறும், பச்சக்குழந்தை ஈரலுக்கு அத வெளியேத்தற தெம்பு கம்மி, அதனால ரத்தக்கட்டு உள்ள குழந்தைக்கு மஞ்சள் ஏறறதுக்கு வாய்ப்பு அதிகம். ஊசிமுனை புள்ளில இருக்கற ரத்தம் ரொம்ப கொஞ்சம்தான், ஆனா இவனுக்கு மண்டைலயும் ரத்தம் கட்டியிருந்துச்சு. தோல்ல வெச்சு மஞ்சள் அளவு பாக்கற லைட் மெஷின நெத்தில வெக்காம, புள்ளி இல்லாத கீழ்நெஞ்சு பக்கம் வெச்சு பாத்தாங்க, ரத்தம் கட்டுன எடத்துல வெச்சா அளவு தப்பா காட்டுமாம். மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாள் வரைக்கும் மஞ்சள் உச்சத்துக்கு போகும், பால் நல்லா குடிச்சு மோஷன் போனாத்தான் எறங்கும்னு, பால் குடுக்கறதுக்கு அந்த சிஸ்டர்ஸ் உக்காந்து உதவி பண்ணதுக்கு ஒரு தனி ஸ்டார்.

ராத்திரி ஷிஃப்டுக்கு ஏன் 3னா, படத்த ஒத்துப்பாக்கற வேலைய ஒரு ராத்திரி யாரும் செய்யல. லைட்டு போட்டா பக்கத்து பெட் குழந்தைங்க முழிச்சுக்கும்னு செல்போன் டார்ச் அடிச்சு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு "ஓகே"ன்னு டிக் போட்டுட்டு போயிட்டாங்க. டார்ச் வெளிச்சத்துல ஊதா எது நெழலு எது? கேட்டதுக்கு "ஒண்ணும் இல்ல மேடம், தூங்குங்க"ன்னாங்க. காலைல சீனியர் வந்து சார்ட்ட பாத்ததுமே "இங்க காலுக்கான எடம் எழுதாம காலியா இருக்கே"ன்னு கண்டுபுடிச்சுட்டாங்க, அதனால முழுசா கொறைக்க மனசு வரல. இன்னொருத்தங்க வெட் டிஷ்யூவால அவன் மூஞ்சிய அழுத்தி தொடச்சாங்க, அழுக்குனு நெனச்சாங்களோ என்னமோ. பஞ்ச வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு ஒத்தி எடுத்தா போதும்னு எழுதி தொட்டில்லயே ஒட்டியிருந்துச்சு, படிக்கல.

இப்ப அந்த டிஸ்சார்ஜ் கதைக்கு வரேன். இவ்வளவு நுணுக்கமா பாத்த எடத்துல இருந்து எங்களுக்கு குடுத்த பேப்பர்ல என்ன இருந்துச்சு தெரியுமா? எடை, தடுப்பூசி, அடுத்த செக்கப் தேதி, "வெல் பேபி". புள்ளினு ஒரு வார்த்தை கூட இல்ல. வீட்ல என்ன பாக்கணும், எப்ப ஓடி வரணும், எந்த நம்பருக்கு போன் பண்ணனும், எதுவும் இல்ல. அந்த படம் வரைஞ்ச பேப்பரோட ஒரு காப்பி கேட்டேன், அது ஃபைலோட போயிடும் குடுக்கமாட்டோம்னுட்டாங்க. நாளைக்கு நடுராத்திரி வேற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா, இந்த புள்ளி பொறந்தப்பவே இருந்துச்சுன்னு நாங்க எத வெச்சு சொல்றது? போன்ல எடுத்த போட்டோ இருந்ததால தப்பிச்சோம், நீங்களும் பகல் வெளிச்சத்துல டெய்லி ஒரே மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

பில்லிங்ல நின்னுட்டு இருக்கும்போது அந்த சீனியர் சிஸ்டர் டூட்டி முடிஞ்சு போறவங்க, எங்கள பாத்து நின்னு, என் கையில இருந்த டிஸ்சார்ஜ் பேப்பர திருப்பி பின்னாடி பேனாவால எழுதிக்குடுத்தாங்க. அத அப்படியே இங்க சொல்றேன். புதுசா புள்ளி வந்தா, அதுவும் வயிறு, கால் பக்கம், அன்னிக்கே வரணும். தொப்புள்ல இருந்தோ மூக்குல இருந்தோ வாய்ல இருந்தோ ரத்தம் கசிஞ்சு நிக்கலன்னா காத்திருக்கக்கூடாது. உடம்பு 38 டிகிரிக்கு மேல சுட்டாலும் சரி, போத்தி வெச்சும் 36.5க்கு கீழ சில்லுனு இருந்தாலும் சரி, ரெண்டும் ஆபத்துதான், பச்சக்குழந்தைக்கு கிருமி ஏறுனா சுடாம ஜில்லுனு கூட ஆகும். எழுப்பியும் பால் குடிக்கல, தொவண்டு கெடக்கான், மூச்சு நிமிஷத்துக்கு 60க்கு மேல வாங்குது, உச்சி பொடைச்சு நிக்குது, கை கால் வெட்டி இழுக்குது, மஞ்சள் கால் வரைக்கும் எறங்கிடுச்சு, இதுல எது ஒண்ணு இருந்தாலும் நேரா எமர்ஜென்சிதான். முதல் ரெண்டு மூணு நாள் மோஷன் கரும்பச்சையா தார் மாதிரி போறது நார்மல், அது மஞ்சளா மாறுனதுக்கு அப்புறம் திரும்ப கருப்பாவோ செவப்பாவோ போனா காட்டணும். வாந்தில ரத்தக்கோடு தெரிஞ்சா முதல்ல அம்மாவோட மார்க்காம்புல வெடிப்பு இருக்கானு பாருங்க, அந்த ரத்தத்த முழுங்கி கக்கியிருக்கலாம், இருந்தாலும் போன் பண்ணி சொல்லிடுங்க. களிம்பு எதுவும் தடவாதீங்க, புள்ளி மேல தேய்ச்சு மசாஜ் வேண்டாம், நகத்தால கீறிக்காம கைக்கு உறை போடுங்க.

இவ்வளவுதான், ஒரு பக்கம் கூட இல்ல. இத அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்க எவ்வளவு ஆகிடப்போகுது? டூட்டி முடிஞ்ச ஒரு நர்ஸோட நல்ல மனச நம்பி ஒரு சேவை நடக்கக்கூடாது, அவங்க அன்னிக்கு வேற வழியா எறங்கி போயிருந்தா எங்களுக்கு இது கெடைச்சிருக்காது.

பையன் விஷயத்துக்கு வந்தா, முகத்துல இருந்த நீலம் முதல்ல போச்சு, புள்ளிங்க ஒரு வாரத்துக்குள்ள மங்கி காணாமப் போச்சு, மஞ்சள் வந்து லைட் சிகிச்சை இல்லாமலே எறங்கிடுச்சு. செக்கப்புக்கு போனப்ப வேற டாக்டர், பேப்பர பாத்து "ஏதாவது பிரச்சனை இருந்துச்சா"ன்னு எங்ககிட்டயே கேட்டாரு, பின்பக்கத்த திருப்பி காமிச்சேன், போட்டோவையும் காமிச்சேன், அப்புறமா அவரே தலைல இருந்து கால் வரைக்கும் ஒரு தடவ பாத்துட்டு அனுப்புனாரு.

ஆஸ்பத்திரி தேடறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி நர்சிங் இன்சார்ஜ்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் குழந்தைய துணிய எடுத்துட்டு முழுசா பாத்து படத்துல குறிப்பீங்களா, வீட்டுக்கு போகும்போது அதோட காப்பி தருவீங்களா. முதல் கேள்விக்கு எங்க எடத்துல ஆமா, ரெண்டாவதுக்கு இல்ல. ஃபீட்பேக் ஃபார்ம்ல இதத்தான் எழுதிக்குடுத்தேன், வராண்டா விஷயத்தையும் சேத்து, அந்த சிஸ்டரோட பேர பாராட்டி எழுதி அடில கோடும் போட்டேன். இன்னும் பதில் வரல.